இத்தனை சூட்டில் ஒரு சிறு நெப்டியூன் தன் வளிமண்டலத்தை எப்படித் தக்க வைத்திருக்கிறது?

இரணைமடு மாணவி (கிளிநொச்சி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் மாணவி. அடுத்த தவணையில் எமது பாடசாலை விஞ்ஞான மன்றத்தில், சூரியத் தொகுதிக்கு வெளியே உள்ள கோள் ஒன்றைப் பற்றி நான் உரையாற்ற வேண்டும். உயிர்கள் வாழத்தக்க கோள்களைப் பற்றி முன்னைய உரைகளில் பலரும் பேசிவிட்டதால், எவரும் குடியேற நினைக்கவே முடியாத ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். ஜி.ஜே. 1214 பி என்ற அக்கோள் எம்மிடமிருந்து சுமார் 48 ஒளியாண்டு தொலைவில், மங்கலான ஒரு சிவப்புக் குறுவிண்மீனைச் சுற்றுகிறது. பூமியைவிடப் பெரிய, நெப்டியூனைவிடச் சிறிய இத்தகைய கோளைச் சிறு நெப்டியூன் என்கிறார்கள். 2009இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆரை பூமியின் ஆரையைப் போல் 2.7 மடங்கு, திணிவு ஏறத்தாழ 8 மடங்கு, தன் விண்மீனை ஒருமுறை சுற்றிவர எடுக்கும் காலம் 1.58 நாள் என்பவை நான் வாசித்தறிந்த அளவுகள்.

எனக்கு விளங்காதவை இவை. எமது புதன் சூரியனிலிருந்து 5 கோடியே 80 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் இருந்தும் அதற்குச் சொல்லத்தக்க வளிமண்டலம் இல்லை. இக்கோளோ தன் விண்மீனுக்கு 22 இலட்சம் கிலோமீற்றர் அருகில் இருக்கிறது. அப்படியிருந்தும் தடித்த வளிமண்டலம் உடையது என்கிறார்கள். அந்த வளி ஏன் இன்னும் பறந்து போகவில்லை? அடுத்து, சூரியனைச் சுற்ற 165 ஆண்டுகள் எடுக்கும், சைபருக்குக் கீழே 200 பாகை குளிரில் கிடக்கும் நெப்டியூனின் பெயரை இத்தகைய சூடான கோளுக்கு இடுவதற்கு என்ன நியாயம்? ஒரு விண்கலம் அதற்குள் இறங்கினால் கால் ஊன்ற நிலம் இருக்குமா? இவ்வளவு தொலைவில் இருப்பதை நேரில் படம் பிடிக்காமலே அங்குள்ள வாயு இன்னது என்று எப்படிச் சொல்கிறார்கள்? மன்றத்தில் பொறுப்பாசிரியர் இவற்றை நிச்சயம் கேட்பார் என்பதால், சமன்பாடுகளுடன் விளக்கினாலும் நன்றாக இருக்கும்.


கனகராயன் (மாங்குளம்) எழுதியது:

பிள்ளை, நல்ல கேள்விகள். முப்பது ஆண்டுக்கு மேல் பௌதிகவியல் கற்பித்தவன் என்ற முறையில், உயர்தரப் பாடத்திட்டத்துக்குள் நின்றே முதல் இரண்டுக்கும் பெரும்பகுதி விடை சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் தப்பல் வேகம், அதாவது ஒரு பொருள் கோளின் ஈர்ப்பை விட்டு விலகத் தேவையான வேகம். அது திணிவை ஆரையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்துக்கு விகிதசமன் என்பது உங்களுக்குத் தெரியும். பூமிக்கு அது செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர். இக்கோளுக்கு 8.2ஐ 2.74ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்து 11.2ஆல் பெருக்கினால், செக்கனுக்கு ஏறத்தாழ 19 கிலோமீற்றர் வரும். இனி வாயு இயக்கவியல் கொள்கைக்கு வாருங்கள். 550 கெல்வினில் ஐதரசன் மூலக்கூறு ஒன்றின் வர்க்க இடை மூலக் கதி (ஒரு வகைச் சராசரிக் கதி) செக்கனுக்கு 2.6 கிலோமீற்றர் அளவில்தான் இருக்கும். ஆகவே மிக இலேசான வாயுவுக்குக்கூடத் தப்பல் வேகம் அதன் கதியைப் போல் ஏழு மடங்குக்கு மேல் இருக்கிறது. புதனுக்கு இதே கணக்கைச் செய்யுங்கள். அதன் தப்பல் வேகம் 4.25 கிலோமீற்றர், நண்பகல் பக்கத்தில் 700 கெல்வின் வெப்பநிலையில் ஐதரசனின் கதி 2.9 கிலோமீற்றர். விகிதம் ஒன்றரையைக்கூட எட்டவில்லை. புதன் வெறுமையாக இருப்பதற்கு அது சூரியனுக்கு அருகில் இருப்பது பாதிக் காரணம்தான். அது சிறியது என்பதே மீதிப் பாதி.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். இக்கோளின் விண்மீன் எமது சூரியன் வெளிவிடும் சக்தியில் முந்நூறில் ஒரு பங்கு அளவையே வெளிவிடுகிறது. எனவே தொலைவைப் புதனுடன் ஒப்பிட்டுப் பயப்படத் தேவையில்லை. பூமி பெறும் வெப்பக்கதிர்ப்பைப் புதன் சுமார் 7 மடங்கு பெறுகிறது. இக்கோள் சுமார் 16 மடங்கு பெறுகிறது. அதிகம்தான், ஆனால் தொலைவுகளை மட்டும் பார்த்தால் தோன்றும் அளவுக்கு அதிகம் இல்லை.

மேலே சொன்ன கணக்கு வளிமண்டலத்தின் கீழ்ப்பகுதிக்கே பொருந்தும். உச்சியில் நிலைமை வேறு. விண்மீனிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களும் கழியூதாக் கதிர்களும் மிக மேலே உள்ள ஐதான வாயுவால் உறிஞ்சப்பட்டு, அதைப் பல்லாயிரம் கெல்வின் வரை சூடாக்குகின்றன. அப்போது மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகத் தப்புவதற்குப் பதிலாக, வாயு முழுவதுமாகப் பெருக்கெடுத்து வெளியே ஓடத் தொடங்குகிறது. ஓடும்போது சற்றுப் பாரமான அணுக்களையும் இழுத்துச் செல்கிறது. விண்மீன் இளமையாக இருக்கும் முதற் பத்துக் கோடி ஆண்டு அளவில் இந்தக் கதிர்ப்பு மிகக் கடுமையாக இருக்கும் என்பதால், இழப்பில் பெரும்பகுதி அப்போதே நடந்து முடிந்துவிடும். இளம் சிறு நெப்டியூன்கள் சிலவற்றில் ஈலியம் வெளியேறிக்கொண்டிருப்பதை, 1083 நானோமீற்றர் அலைநீளத்தில் ஏற்படும் உறிஞ்சலைக் கொண்டு நேரடியாகவே கண்டிருக்கிறார்கள். ஜி.ஜே. 436 பி என்ற, நெப்டியூன் அளவுடைய வேறொரு கோளின் பின்னே நீண்டு கிடக்கும் ஐதரசன் முகிலை ஹபிள் தொலைகாட்டி கழியூதாவில் அவதானித்த செய்தி 2015இல் வெளிவந்தது.

இந்த இழப்பின் தடயம் தனிக் கோள்களில் மட்டுமன்றி, மொத்தக் கணக்கெடுப்பிலும் தெரிகிறது. கெப்லர் விண்கலம் கண்ட கோள்களின் ஆரைகளை 2017இல் துல்லியமாக மீளளந்தபோது, பூமியைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரையான ஆரையுடைய கோள்கள் மிகக் குறைவாக இருப்பது புலப்பட்டது. அந்த இடைவெளிக்குக் கீழே பாறைக் கோள்கள். மேலே சிறு நெப்டியூன்கள். பாறைக் கருவின் மேல் மொத்தத் திணிவில் ஒரு சில சதவீத ஐதரசன் இருந்தாலே ஆரை இருமடங்கு அளவுக்கு ஊதிவிடும். அந்த உறை நிலைத்து நின்றால் கோள் இடைவெளியின் மேற்பக்கத்தில் நிற்கும். உரிந்து போனால் கீழே விழும். நடுவில் தங்குவது அரிது. கருவிலிருந்து கசியும் உள்வெப்பமே உறையை வெளித்தள்ளப் போதுமானது என்று சொல்லும் மற்றொரு கொள்கையும் உண்டு. இரண்டும் ஏறத்தாழ ஒரே இடைவெளியையே தருவதால், எது முதன்மையானது என்ற வழக்கு இன்னும் நடக்கிறது.

நெப்டியூன் என்ற பெயர் வெப்பநிலையைக் குறித்து வந்ததன்று. பாறையால் மட்டும் ஆனதாக இருக்க முடியாத அளவுக்கு அடர்த்தி குறைந்தது, வியாழனைப் போல் பெரும்பாலும் ஐதரசனால் ஆனதும் அன்று என்ற கட்டமைப்பையே அது சுட்டுகிறது. இக்கோளின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.2 கிராம், பூமிக்கு 5.5, நெப்டியூனுக்கு 1.6.


செட்டிகுளம் (வவுனியா) எழுதியது:

கனகராயன் ஐயா தப்பல் வேகத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் பம்பைமடு வளாகத்தில் கணிதம் கற்பவன். வாயுக்களை எப்படி இனங்காண்கிறார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இக்கோளின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

தங்கை, முதலில் அளக்கப்படுவது இரண்டே இரண்டு. கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது (இதைக் குறுக்கோட்டம் என்பார்கள்) விண்மீனின் ஒளி 1.4 சதவீதம் குறைகிறது. அதிலிருந்து ஆரை கிடைக்கிறது. அரிசோனாவில் 40 சென்ரிமீற்றர் விட்டமுடைய எட்டுச் சிறு தொலைகாட்டிகளைக் கொண்டு இந்த மங்கலைக் கண்டார்கள் என்பதை உங்கள் உரையில் கட்டாயம் சொல்லுங்கள்; விண்மீன் சிறியது என்பதால்தான் அது முடிந்தது. சூரியனுக்குக் குறுக்கே பூமி போனால் ஏற்படும் மங்கல் 0.01 சதவீதத்தையும் எட்டாது. அடுத்து, கோளின் ஈர்ப்பால் விண்மீன் முன்னும் பின்னும் அசைவதைத் தொப்ளர் விளைவின் (அசைவால் ஒளியின் அலைநீளம் மாறுவதன்) மூலம் அளந்து திணிவைப் பெறுகிறார்கள். அந்த அசைவின் வேகம் செக்கனுக்கு 14 மீற்றர் அளவு. ஏ-9 வீதியில் ஓடும் பேருந்தின் வேகத்தை 48 ஒளியாண்டுக்கு அப்பால் அளப்பதற்குச் சமம் அது.

வாயுவுக்கு இதே மங்கலை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோளின் விளிம்பிலுள்ள வளி வழியாக விண்மீன் ஒளி கசிந்து வரும்போது, நீராவி உறிஞ்சும் அலைநீளத்தில் கோள் சற்றுப் பெரியதாகவும், உறிஞ்சாத அலைநீளத்தில் சற்றுச் சிறியதாகவும் தோன்றும். எவ்வளவு பெரியதாக என்பதை வளிமண்டலத்தின் அளவுத்திட்ட உயரம் (வளி எவ்வளவு உயரத்துக்குப் பரந்து நிற்கிறது என்பதன் அளவு) தீர்மானிக்கிறது. போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி, மூலக்கூற்றின் சராசரித் திணிவாலும் ஈர்ப்பு ஆர்முடுகலாலும் வகுத்தால் அது கிடைக்கும். இக்கோளின் ஈர்ப்பு ஆர்முடுகல் பூமியினதைவிடச் சிறிதளவே கூடியது. 500 கெல்வினில் ஐதரசனும் ஈலியமும் கலந்த வளிக்கு 170 கிலோமீற்றர் அளவு வருகிறது. முழுக்க நீராவியாக இருந்தால் 22 கிலோமீற்றர் அளவுதான். பூமிக்கு 8 கிலோமீற்றர். ஆகவே ஐதரசன் வளியாக இருந்தால் நிறமாலையில் மேடு பள்ளங்கள் துலக்கமாகத் தெரிய வேண்டும். நீராவி வளியாக இருந்தால் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத் தெரிய வேண்டும்.

தெரிந்தது ஒன்றுமில்லை என்பதுதான் சுவாரசியம். 2010இல் தரையிலிருந்து பார்த்தபோது நிறமாலை தட்டையாக இருந்தது. "அப்படியானால் நீராவியாக இருக்கலாம்" என்றார்கள். ஹபிள் தொலைகாட்டி பல குறுக்கோட்டங்களைத் தொடர்ந்து அவதானித்து, 2014இல் வெளியான முடிவில், நீராவி வளிக்குக்கூடப் பொருந்தாத அளவுக்கு அது தட்டையாக இருப்பதைக் காட்டியது. மிஞ்சிய விளக்கம், மிக உயரத்தில் ஒளியை மறிக்கும் முகிலோ புகாரோ (நுண்துணிக்கைகளாலான மூட்டமோ) இருக்கிறது என்பதே. பொற்றாசியம் குளோரைட்டும் நாக சல்பைட்டும் இந்த வெப்பநிலையில் முகிலாக ஒடுங்கக்கூடியவை. மெதேன் கழியூதாக் கதிரால் உடைந்து உருவாகும் காபன் புகாரும் போட்டியில் இருக்கிறது.

பின்னர் ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி வேறு வழியில் முயன்றது. குறுக்கோட்டத்தை மட்டும் பாராமல், கோள் ஒரு முழுச் சுற்றை முடிக்கும் வரை, அதாவது ஏறத்தாழ 40 மணித்தியாலங்கள், செந்நிறக்கீழ்க் கதிரில் அதன் சொந்த வெப்பத்தையே அளந்தது. 2023இல் வெளிவந்த முடிவின்படி பகற்பக்கம் சுமார் 280 பாகை செல்சியசு, இரவுப்பக்கம் சுமார் 165 பாகை. வந்து விழும் ஒளியில் பாதியளவைக் கோள் திருப்பி அனுப்பிவிடுகிறது. கரி போன்ற இருண்ட புகாரை எதிர்பார்த்தவர்களுக்கு அது வியப்பாக இருந்தது. பகலுக்கும் இரவுக்கும் இடையிலான அந்த வேறுபாடு, தூய ஐதரசன் வளியில் எதிர்பார்க்கத்தக்கதைவிட அதிகம். பாரமான மூலக்கூறுகள் நிறைந்த வளி வெப்பத்தை இரவுப்பக்கத்துக்குக் கடத்துவதில் பின்தங்கும் என்பதால், இவ்வளி சூரியனின் கலவையைவிட நூறு மடங்குக்கு மேல் பார மூலகங்களைக் கொண்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வெப் தந்த பிந்திய நிறமாலையில் காபனீரொட்சைட்டின் மெல்லிய சாயல் இருக்கலாம் என்று 2024இல் எழுதியிருக்கிறார்கள். அதை உறுதியான கண்டுபிடிப்பாகச் சொல்லிவிடாதீர்கள்.


கொக்கிளாய் (முல்லைத்தீவு) எழுதியது:

அடர்த்தி 2.2 என்றால் அது நீருக்கும் பாறைக்கும் இடைப்பட்டது. வளியோ பார மூலக்கூறுகள் நிறைந்தது. இவை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பாதி பாறையும் பாதி நீருமான உலகம் என்று சொல்லிவிடலாமே? 2022இல் சிவப்புக் குறுவிண்மீன்களைச் சுற்றும் சிறு கோள்களின் அடர்த்திகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த கட்டுரையொன்று, பாறைக் கோள், நீர்க் கோள், வாயுக் கோள் என்று மூன்று தெளிவான கூட்டங்கள் இருப்பதாகக் கூறியது. குளிர்ந்த வெளிப்புறத்தில் பனிக்கட்டியைச் சேர்த்துக்கொண்டு உருவான கோள், பின்னர் உள்நோக்கி நகர்ந்து வந்து சூடேறியது என்றால் எல்லாம் பொருந்துகிறது. மாணவியின் உரைக்கும் "கொதிக்கும் கடலுலகம்" என்று ஒரு தலைப்புக் கிடைத்துவிடும்.


செட்டிகுளம் (வவுனியா) எழுதியது:

கொக்கிளாய் அண்ணா, அந்தத் தலைப்பை வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். நீருலகம் என்பது பொருந்தக்கூடிய விடைகளுள் ஒன்று, ஒரே விடையன்று. சராசரி அடர்த்தி என்பது ஒரு தனி எண். கோளின் உள்ளேயோ இரும்பு, பாறை, நீர், ஐதரசனும் ஈலியமும் என்று குறைந்தது நான்கு பகுதிகள் இருக்கக்கூடும். ஒரு சமன்பாட்டைக் கொண்டு நான்கு தெரியாக் கணியங்களைத் தீர்க்க முடியாது. பாறைக் கருவின் மேல் மெல்லிய ஐதரசன் உறை வைத்தாலும், பெருமளவு நீரின் மேல் அதைவிட மெல்லிய உறை வைத்தாலும், அதே ஆரையும் அதே திணிவும் வந்துவிடும். நீங்கள் குறிப்பிட்ட கட்டுரைக்கு மறுமொழியாக அடுத்த ஆண்டே வந்த ஆய்வு, வளி படிப்படியாக இழக்கப்படுவதையும் கோள் குளிர்ந்து சுருங்குவதையும் கணக்கில் எடுத்தால், நீரே இல்லாமல் பாறையும் ஐதரசனும் கொண்டு அந்தக் கூட்டங்களை விளக்க முடியும் என்று காட்டியது. பனியெல்லைக்கு (நீர் பனிக்கட்டியாக உறையும் அளவுக்கு விண்மீனிலிருந்து விலகிய தொலைவுக்கு) அப்பால் பிறந்து நகர்ந்து வந்ததா, இருக்கும் இடத்திலேயே பிறந்ததா என்பதும் இதனாலேயே தீராமல் இருக்கிறது.

பாரமான வளி என்பதும் நீருக்கு மட்டும் உரிய சான்று அன்று. ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பு ஐதரசனுடன் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால், பாறையிலுள்ள ஒட்சிசனுடன் ஐதரசன் தாக்கமடைந்து நீரைத் தானாகவே உண்டாக்கும். வெளியிலிருந்து பனிக்கட்டி வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எல்லாச் சிறு நெப்டியூன்களும் ஒரே மாதிரி இருக்கும் என்று எண்ணவும் கூடாது. ரீ.ஓ.ஐ. 421 பி என்ற கோளைப் பாருங்கள். ஆரை பூமியின் 2.6 அல்லது 2.7 மடங்கு, திணிவு சுமார் 7 மடங்கு. அளவில் இரண்டும் உடன்பிறப்புகள். ஆனால் இது சூரியனை ஒத்த ஒரு விண்மீனை 5.2 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. மற்றதைவிடப் பல நூறு பாகை சூடானது. 2025இல் வெளிவந்த வெப் நிறமாலையில் நீராவியின் மேடுகள் துலக்கமாகத் தெரிந்தன. முகிலும் இல்லை, புகாரும் இல்லை. மூலக்கூற்றின் சராசரித் திணிவு குறைவு, அதாவது வளியின் பெரும்பகுதி ஐதரசன். மெதேன் தென்படவில்லை. அடர்த்தி அவ்வளவாக வேறுபடாத இரண்டு கோள்களில் ஒன்று பாரமான, மூடிய வளியுடனும் மற்றது இலேசான, தெளிந்த வளியுடனும் நிற்கும்போது, அடர்த்தியை மட்டும் வைத்து எதையும் நீருலகம் என்று பெயரிடுவது அவசரம்.


இரணைமடு மாணவி (கிளிநொச்சி) எழுதியது:

ஐயாவுக்கும் அண்ணாமாருக்கும் மிக்க நன்றி. அடர்த்தியைப் பற்றிய விளக்கம் உரையின் நடுப்பகுதியாக அமையும். ஆனால் ஒரு புதிய குழப்பம் வந்துவிட்டது. அதிக சூடான கோளில் வளி தெளிவாகவும், சூடு குறைந்த கோளில் மூடியும் இருப்பது எப்படி? சூடு கூடினால் ஆவியும் முகிலும் கூட வேண்டும் என்றல்லவா தோன்றுகிறது? கால் ஊன்ற நிலம் உண்டா என்ற கேள்வியும் இன்னும் நிற்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்றை இங்கிருந்து, பாடசாலையிலுள்ள சிறிய தொலைகாட்டியால் பார்க்க முடியுமா என்றும் தோழிகள் கேட்கிறார்கள்.


கனகராயன் (மாங்குளம்) எழுதியது:

பிள்ளை, முகில் தோன்றுவதற்கு ஒரு பொருள் ஆவியாக இருந்தால் மட்டும் போதாது. அது ஒடுங்கவும் வேண்டும். நிலைமை சூடாக இருந்தால் உப்பு முகில்கள் ஒடுங்காமல் ஆவியாகவே தங்கிவிடும். புகாரின் கதை காபனைப் பொறுத்தது. ஏறத்தாழ 850 கெல்வினுக்குக் கீழே, ஐதரசன் நிறைந்த வளியில் காபன் பெரும்பாலும் மெதேனாக இருக்க விரும்பும். அதற்கு மேலே காபனோரொட்சைட்டாக இருக்க விரும்பும். மெதேன் மூலக்கூறைக் கழியூதாக் கதிர் உடைத்தால், உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட காபன் சங்கிலிகளாகி, நுண்ணிய துணிக்கைகளாகப் புகாரை உண்டாக்குகின்றன. சனியின் துணைக்கோளான தைத்தனைச் செம்மஞ்சளாக மூடியிருப்பது இதே வேலைதான். காபனோரொட்சைட்டின் பிணைப்போ மிக வலியது. அது அவ்வளவு இலகுவில் உடையாது. ரீ.ஓ.ஐ. 421 பி இந்த எல்லைக்கு மேலே நிற்கிறது. உங்கள் கோள் கீழே நிற்கிறது. மெதேன் தென்படாததும் புகார் இல்லாததும் ஒன்றாக வந்திருப்பது இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. விண்மீன்கள் வெவ்வேறு வகையின என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு கோளை வைத்து விதி எழுத நான் துணியமாட்டேன்.

இனி நிலம். உங்கள் விண்கலத்தை இறக்குவோம். இக்கோள் தன் விண்மீனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் என்று கொள்ளப்படுகிறது. இவ்வளவு அருகில் இருந்தால் வற்றுப்பெருக்கு விசை தற்சுழற்சியைச் சுற்றுகையுடன் பிணைத்துவிடும். ஆகவே ஒருபுறம் முடிவில்லாத பகல், மறுபுறம் முடிவில்லாத இரவு, இரண்டுக்கும் இடையே வெப்பத்தைக் காவிச் செல்லும் பெருங்காற்று. முதலில் ஒளியைத் தெறிக்க வைக்கும் முகிலும் புகாரும். அவற்றைக் கடந்து இறங்க இறங்க அமுக்கமும் வெப்பநிலையும் ஏறிக்கொண்டே போகும். விண்மீனின் ஒளி அற்றுப்போகும். ஆனால் "இதோ தரை" என்று சொல்லத்தக்க ஒரு மட்டம் வராது. நீர் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அதன் அவதி வெப்பநிலை 374 பாகை செல்சியசு. அதற்கு மேலே எவ்வளவு அமுக்கினாலும் திரவத்துக்கும் ஆவிக்கும் இடையே மேற்பரப்பு ஒன்று தோன்றாது. வளியே படிப்படியாக அடர்ந்து பாய்பொருளாகிவிடும். ஆகவே கொக்கிளாய்த் தம்பி சொன்ன கொதிக்கும் கடலில் கொதிப்பும் இல்லை, கடல் மட்டமும் இல்லை. பல்லாயிரம் கிலோமீற்றர் ஆழத்துக்குப் பிறகு உருகிய பாறை இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. அதுவும் ஐதரசனைக் கரைத்து வைத்திருக்கக்கூடியது என்பதால், அங்கேயும் கூர்மையான எல்லை இருக்குமா என்பதில் ஐயம் உண்டு. கலம் அதற்கு வெகு முன்னரே நசுங்கி உருகியிருக்கும் என்பதைச் சபையில் சொன்னால் பிள்ளைகள் மகிழ்வார்கள்.

பார்ப்பதைப் பற்றி. ஜி.ஜே. 1214, விருச்சிகத்துக்கு வடக்கே உள்ள ஒபியூக்கஸ் விண்மீன் குழுவில் இருக்கிறது. வான நடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகை மட்டுமே வடக்கே இருப்பதால், எமது வன்னி வானத்தில் அது உச்சியை ஒட்டியே கடக்கும். சோளகக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களின் முன்னிரவுகளே அதற்கு ஏற்றவை. இரணைமடுக் கட்டில் நின்றால் ஊர் வெளிச்சம் குறைவு என்பது உங்களுக்கு வாய்ப்பு. ஆனால் விண்மீனின் பிரகாசம் 15ஆம் வகுப்பை அண்டியது; வெறுங்கண்ணின் எல்லை 6 (எண் கூடக் கூட விண்மீன் மங்கலானது). பாடசாலைத் தொலைகாட்டியில் கண் வைத்துப் பார்த்து அது தெரியாது. அது இருக்கும் திசையைச் சுட்டிக்காட்டலாம், அவ்வளவுதான். ரீ.ஓ.ஐ. 421, திருவாதிரையையும் மிருகசீரிடத்தையும் கொண்ட ஒரயன் குழுவுக்குத் தெற்கே, முயல் குழுவில் இருக்கிறது. 10ஆம் வகுப்புப் பிரகாசம் உடையதால் சிறிய தொலைகாட்டியிலும் ஒரு புள்ளியாகத் தெரியும். ஆனால் அது உச்சிக்கு வரும் மாதங்கள் எமக்கு மாரி. முகில் விலகும் இரவுக்குக் காத்திருக்க வேண்டும்.


செட்டிகுளம் (வவுனியா) எழுதியது:

ஐயா சொன்ன திசையோடு நான் ஒரு செயன்முறையைச் சேர்க்கிறேன். தங்கை, தொலைகாட்டி இல்லாமலே கோளின் மங்கலை நீங்களே வரைந்து காட்டலாம். இத்தகைய குறுக்கோட்டங்களைத் தேட 2018இல் ஏவப்பட்ட ரெஸ் (TESS) விண்கலத்தின் அளவீடுகள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கின்றன. பைதன் மொழியில் லைட்கேர்வ் என்ற பொதியைக் கொண்டு ரீ.ஓ.ஐ. 421இன் ஒளி வரைபை ஒரு சாதாரண மடிக்கணினியிலேயே எடுக்கலாம். கிளிநொச்சியில் கிடைக்கும் இணைய வேகம் அதற்குப் போதும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பி கோளின் மங்கல் 0.08 சதவீதம்தான். பல சுற்றுகளை 5.2 நாளுக்கு ஒன்றாக மடித்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தால்தான் இரைச்சலிலிருந்து அது வெளிப்படும். அதே விண்மீனை 16 நாளுக்கு ஒருமுறை சுற்றும் சி என்ற பெரிய கோள், ஐந்து பூமி ஆரை உடையது. அதன் மங்கல் 0.3 சதவீதத்தை அண்டியது, மடிக்காமலே தெரியும். சபையில் முதலில் சியைக் காட்டுங்கள். அந்தப் பள்ளத்தை எல்லோரும் கண்டபின், பியின் மடித்த வரைபைப் போட்டு, மங்கலின் வர்க்கமூலத்தை எடுத்து, விண்மீனின் ஆரை சூரியனைப் போல் 0.87 மடங்கு என்று கொண்டு, கோளின் ஆரையை அங்கேயே கணித்துக் காட்டுங்கள். 2.6க்கும் 2.7க்கும் இடையில் வரும். வரைபு எடுக்கும்போது எங்காவது தடங்கினால் இதே இழையில் கேளுங்கள். நிரலை நான் பார்த்துத் தருகிறேன்.